விட்ட இடத்தில் நிற்காத சாளரம்: ஃபயர்ஃபாக்ஸின் பழுதுநீக்கும் வசதிகள் குறித்து ஒரு மதிப்புரை

உலாவிகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் வேகத்தையும் நினைவகப் பயன்பாட்டையும் அளந்ததோடு முடிந்துவிடுகின்றன. சாளரம் எங்கே திறக்கிறது, எந்த அளவில் திறக்கிறது, மூடிவிட்டு மறுபடி திறந்தால் விட்ட இடத்திலேயே வந்து நிற்கிறதா என்பதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. நாள் முழுக்க மேசைக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கோ இவைதான் ஓயாத தொந்தரவு. அந்த ஒரு கோணத்தில் மட்டும், விண்டோஸ் கணினியில் இயங்கும் ஃபயர்ஃபாக்ஸை இங்கே மதிப்பிடுகிறேன். சாளரச் சிக்கல்களைப் பயனரே சரிசெய்துகொள்ள இது தாராளமாகவே வழி விட்டிருக்கிறது. ஆனால் அவற்றில் எது எளிய வழியோ, அதைத்தான் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறது.

அடிக்கடி காதில் விழும் புகார், சாளரம் திரையிலேயே இல்லை என்பது. டாஸ்க்பாரில் படவுரு தெரியும், அதன்மேல் மவுஸை வைத்தால் சிறு முன்தோற்றமும் தெரியும், சொடுக்கினால் மட்டும் எதுவும் வராது. இரண்டு திரைகளை இணைத்து வேலை செய்தவர் ஒன்றைக் கழற்றிய பிறகே இது பெரும்பாலும் நேர்கிறது. இதற்கு உடனடி வைத்தியம் உலாவியில் இல்லை, விண்டோஸில் இருக்கிறது: ஆல்ட்டும் டேபும் அழுத்திச் சாளரத்தைத் தேர்ந்துகொண்டு, ஆல்ட்டும் ஸ்பேஸ்பாரும் அழுத்தி, பிறகு எம் எழுத்தைத் தட்டி, ஏதேனும் ஓர் அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்தினால் சாளரம் மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சாளரம் முழு அளவில் விரிந்த நிலையில் இருந்தால் நகர்த்தும் கட்டளை மங்கிக் கிடக்கும். முதலில் ஆர் எழுத்தைத் தட்டி அதைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11 பயன்படுத்துவோர் டிஸ்பிளே அமைப்புகளில் மல்டிபிள் டிஸ்பிளேஸ் பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இணைந்திருக்கும் திரைகளைப் பொறுத்துச் சாளர இடங்களை நினைவில் வைக்கும் தேர்வு அங்கேதான் இருக்கிறது. உலாவியின்மேல் விழும் பழியில் ஒரு பங்கு உண்மையில் அந்தத் தேர்வுக்கு உரியது.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே கோளாறு திரும்பினால் ஃபயர்ஃபாக்ஸின் நினைவைத்தான் சோதிக்க வேண்டும், இந்த உலாவி மெச்சத்தக்கதாக இருப்பதும் இங்கேதான். உதவி மெனுவில் உள்ள பழுதுநீக்கத் தகவல் பக்கத்தைத் திறந்தால், புரொஃபைல் கோப்புறை (உங்கள் தேர்வுகளையும் சேமிப்புகளையும் உலாவி வைத்திருக்கும் இடம்) என்ற வரியின் பக்கத்தில் அதைத் திறக்கும் பொத்தான் இருக்கும். அந்தக் கோப்புறைக்குள் எக்ஸ்யூஎல்ஸ்டோர் என்ற பெயரில் ஒரு சிறிய ஜேசன் கோப்பு, அதாவது விவரங்களை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு, உண்டு. அதை நோட்பேடில் திறந்தால் வரி பிரிக்காமல் நெருக்கி அடித்த எழுத்துகளாகத் தெரியும். பொறுமையாகத் தேடினால் மெயின்-விண்டோ என்ற சொல்லும், அதையடுத்துச் சாளரத்தின் கிடைநிலை, செங்குத்து நிலை, அகலம், உயரம், விரிந்திருந்ததா என்ற குறிப்பு ஆகியவையும் வெறும் எண்களாகவும் சொற்களாகவும் அகப்படும். கிடைநிலைக்கு நேரே மைனஸ் குறியோடு பெரிய எண் ஒன்று இருந்தால், முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இருந்து இப்போது கழற்றப்பட்டுவிட்ட திரையையே உலாவி இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். தன் நினைவை இப்படிப் படிக்கக்கூடிய எழுத்தாக வைத்திருப்பதை நான் பெரிய குணமாகவே கருதுகிறேன்.

செய்ய வேண்டியது, ஃபயர்ஃபாக்ஸை முழுவதுமாக மூடிவிட்டு அந்தக் கோப்பின் பெயரை மாற்றுவது, அவ்வளவுதான். மூடாமல் மாற்றினால், வெளியேறும்போது அது பழைய விவரங்களையே மறுபடி எழுதிவிடக்கூடும். அடுத்த முறை திறக்கும்போது புதிய கோப்பு தானாகவே உருவாகிவிடும். மெனு பட்டை தெரிய வேண்டுமா என்பது போன்ற சில்லறைத் தேர்வுகள் போகும்; புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், வரலாறு ஆகியவை வேறு கோப்புகளில் இருப்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை. ஒரு கண்ணி மட்டும் உண்டு. முந்தைய சாளரங்களையும் டேப்களையும் திறக்கும் தேர்வை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு, ஒவ்வொரு சாளரத்தின் இடமும் அளவும், கடைசியாகத் திறந்திருந்தவற்றைக் குறித்துவைக்கும் அமர்வுக் கோப்பிலிருந்தும் மீண்டு வரும், அந்தக் கோப்போ சுருக்கப்பட்ட வடிவில் இருப்பதால் நோட்பேடில் படிக்க முடியாது. அவர்கள் அந்தத் தேர்வைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு இந்த வேலையைச் செய்வதே முறை.

இத்தனை எளிய தீர்வு இருக்க, பழுதுநீக்கத் தகவல் பக்கம் முன்னால் நிறுத்துவது என்ன? ரெஃப்ரெஷ் என்ற பொத்தானை. அது புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கிப் புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் அங்கே கொண்டுபோகும். நீட்சிகளையும் (உலாவியில் நாமே சேர்த்துக்கொண்ட சிறு நிரல்கள்) மாற்றியமைத்த தேர்வுகளையும் கைவிட்டுவிடும். சாளரத்தின் அளவு சரியில்லை என்பதற்காக அதை அழுத்துவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான். சாளர அளவுகளை மட்டும் அழிக்கும் தனிப் பொத்தான் ஒன்றை அதே பக்கத்தில் வைத்திருக்கலாம். தொடக்கத் தற்காலிகச் சேமிப்பை அழிக்க அங்கே பொத்தான் இருக்கும்போது, இதற்கு இல்லாதது எனக்குப் புரியவில்லை. மாறாக, ட்ரபிள்ஷூட் மோட் உண்மையிலேயே பயனுள்ளது. 2021ஆம் ஆண்டு வெளியான 88ஆம் பதிப்புக்கு முன்பு வரை சேஃப் மோட் என்று இருந்ததும் இதுதான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே உலாவியைத் திறந்தால், நீட்சிகளும் அலங்காரத் தீம்களும் வன்பொருள் முடுக்கமும் (கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டு பக்கங்களை வரையும் வசதி) இல்லாமல் அது இயங்கும். சாளரம் கறுத்தோ வெறுமையாகவோ நிற்கும் கோளாறு அந்த நிலையில் மறைந்துவிட்டால், காரணம் நீட்சியா கிராஃபிக்ஸ் டிரைவரா என்ற அளவுக்குத் தேடல் சுருங்கிவிடும்.

அடுத்தது, கேட்காமலேயே புதுச் சாளரம் திறக்கும் தளங்கள். இணைப்புகளைப் புதிய சாளரத்துக்குப் பதிலாக டேபில் திறக்கும் தேர்வு அமைப்புகளில் இருந்தும், சில தளங்கள் தனிச் சிறு சாளரத்தையே திறப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தளம் அகலத்தையும் உயரத்தையும் குறிப்பிட்டுச் சாளரம் கேட்டால் அதற்கு விலக்கு அளிப்பதே ஃபயர்ஃபாக்ஸின் இயல்பு நிலை. முகவரிப் பட்டையில் தட்டித் திறக்கும் அபவுட்:கான்ஃபிக் என்ற உள்ளமைப்புப் பக்கத்துக்குப் போய், எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு, ஓபன் நியூவிண்டோ ரெஸ்ட்ரிக்‌ஷன் என்று முடியும் அமைப்பின் மதிப்பை 2இலிருந்து 0 ஆக்கினால் அந்த விலக்கும் நீங்கி, எல்லாம் டேப்களாகவே வரும். சிறு சாளரத்துக்கென வடிவமைத்த பக்கம் டேபில் அகன்று அசிங்கமாகத் தெரியலாம். அதைப் பொறுத்துக்கொள்ள நான் தயார். குரோமில் இப்படி ஒரு தேர்வு உள்ளமைவாகக் கிடையாது, நீட்சியைத்தான் நாட வேண்டும்.

எவ்வளவு விரித்துவிட்டு மூடினாலும் மறுநாள் சாளரம் சிறிதாகவே திறக்கிறது என்றால், தனியுரிமைக் குறிப்புகளைப் படித்து ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங் என்ற அமைப்பை இயக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். சாளர அளவைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பதைத் தடுக்க, உள்ளடக்கப் பகுதியின் அகலத்தை 200இன் மடங்காகவும் உயரத்தை 100இன் மடங்காகவும் அது வெட்டிவிடுகிறது. இது கோளாறே அல்ல, கேட்டு வாங்கியது. அடையாளம் மறைத்து உலாவ உதவும் டார் உலாவியில் பக்கத்தைச் சுற்றி வெற்று ஓரங்கள் தெரிவதற்கும் இதே நோக்கம்தான் காரணம்.

லினக்ஸ் பயனர்களுக்கு மேலே சொன்ன கோப்பு வைத்தியம் பாதிதான் உதவும். 2023 டிசம்பரில் வெளியான 121ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் இயல்பாகவே, லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் அமைப்பான வேலண்டைப் பயன்படுத்துகிறது. வேலண்டோ எந்த நிரலும் தன் சாளரத்தின் இடத்தைத் தானே தீர்மானிக்க விடுவதில்லை. அளவு நினைவிருக்கும், இடம் மேசைச் சூழலின் கையில் இருக்கும்.

கடைசி டேபை மூடினால் சாளரமே மூடிக்கொள்வது சிலருக்கு எரிச்சல். குளோஸ்விண்டோவித்லாஸ்ட்டேப் என்று முடியும் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் வெற்று டேபோடு சாளரம் நிற்கும். வேறொரு சாளரம் திறந்திருக்கும் நிலையில் ஒன்றைத் தவறுதலாக மூடிவிட்டாலும் கவலையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதிலிருந்த டேப்கள் அத்தனையும் அப்படியே மீளும். குரோமிலிருந்து வந்தவர்கள் மட்டும் இந்த விசைகளில் கவனம் வைக்க வேண்டும், ஏனெனில் அங்கே இதே மூன்று விசைகள் மறைநிலைச் சாளரத்தைத் திறப்பவை.