‘நிமித்தம்’ என்னும் சொல்லும் ஏசாயாவின் தாசனும்: செஃபாரியா இணைய நூலகம் குறித்து

பழைய ஏற்பாட்டில் ஏசாயா தீர்க்கதரிசி நூலின் 53-ஆம் அதிகாரத்தைப் பெரிய வெள்ளி ஆராதனைகளில் கேட்டே வளர்ந்தவன் நான். அந்த அதிகாரத்தில் அடிக்கப்படுகிற தாசன் இயேசுவைத் தவிர வேறு யாராகவாவது இருக்கக்கூடும் என்ற எண்ணம் நெடுங்காலம் எனக்கு எழுந்ததே இல்லை. யூதர்கள் அதே வரிகளை எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்டபோதெல்லாம், ‘அவர்கள் கண்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன’ என்ற ஒற்றை வாக்கியமே பதிலாகக் கிடைத்தது. அந்தப் பதிலைத் தாண்டிப் போக வேண்டும் என்பதற்காகவே செஃபாரியா என்னும் இணைய நூலகத்தைப் பயன்படுத்தத் தொடங்கினேன். தீர்க்கதரிசன நூல்களை வாசிப்பதற்கு, அதிலும் கிறிஸ்தவ இரட்சிப்புக் கோட்பாட்டோடு ஒப்பிட்டு வாசிப்பதற்கு, அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

அறிமுகம் சுருக்கமாக இருந்தால் போதும். ஜோஷுவா ஃபோயர், பிரெட் லாக்ஸ்பைசர் என்ற இருவர் உருவாக்கி 2013-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த, இலாப நோக்கமற்ற நூலகம் இது. எபிரேய வேதாகமம், அதன் அரமேய மொழிபெயர்ப்புகளான தர்கூம்கள், ரபீமாரின் சட்ட விவாதத் தொகுப்பான தால்மூத், வேத விளக்கத் தொகுப்புகளான மித்ராஷ், இடைக்கால உரைகள் எனப் பல நூற்றாண்டுகளின் யூத நூல்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. கட்டணம் இல்லை; கைபேசிச் செயலியும் உண்டு. ஒரு வசனத்தைத் தொட்டால், அந்த வசனத்தை மேற்கோள் காட்டும் நூல்களும் அதற்கு எழுதப்பட்ட உரைகளும் பக்கப்பலகையில் வகைவாரியாகத் திறக்கின்றன. எபிரேயச் சொல்லைத் தொட்டால் அகராதிப் பொருள் வருகிறது. இந்த இரண்டு வசதிகளுமே என் வாசிப்பை மாற்றியவை.

முதலில் நூல்களின் வரிசையே கண்ணில் படுகிறது. கிறிஸ்தவப் பழைய ஏற்பாடு மல்கியாவில், எலியா வருவான் என்ற வாக்குறுதியோடு, அடுத்து யாரையோ எதிர்பார்க்க வைத்து முடிகிறது. யூதர்களின் எபிரேய வேதாகமமான தனாக், நாளாகமத்தில், எருசலேமுக்குத் திரும்பிப் போகலாம் என்று கோரேசு மன்னன் விடுக்கும் கட்டளையோடு முடிகிறது. தானியேலோ தீர்க்கதரிசிகளின் வரிசையிலேயே இல்லை. சங்கீதங்களும் எஸ்தரும் இருக்கும் ‘எழுத்துகள்’ பகுதியில் வைக்கப்பட்டிருக்கிறான். தானியேலின் எழுபது வாரங்களைக் கொண்டு, வாக்களிக்கப்பட்ட மீட்பரான மேசியா வரும் காலத்தைக் கணக்கிட்டுப் பழகிய ஒருவருக்கு, அந்த நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே ஒரு பாடம்.

இனி ஏசாயா 53. ஐந்தாம் வசனத்தைத் தமிழ் வேதாகமம் ‘நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்’ என்று சொல்கிறது. இந்த ‘நிமித்தம்’ என்ற சொல்லில்தான் இரண்டு மதங்களும் பிரிகின்றன என்பதை இந்த நூலகத்தில்தான் கண்டுகொண்டேன். எபிரேயத்தில் அங்கே இருப்பது ‘மின்’ என்ற முன்னொட்டு. ‘இருந்து’, ‘காரணமாக’ என்பவை அதன் பொருள்கள். ‘நம் பாவங்களுக்காக, நமக்குப் பதிலாக’ என்று கிறிஸ்தவர் கேட்கிறார். ‘நாம் செய்த பாவத்தின் விளைவாக, நம் கைகளால்’ என்று யூதர் கேட்கிறார். முதல் வாசிப்பில் தாசன் பிறருடைய தண்டனையைத் தானே ஏற்கிறான். இரண்டாவதில் பிறருடைய கொடுமைக்கு இரையாகிறான். தமிழ்ச் சொல்லோ இரண்டு பொருளையும் தாங்கி நிற்கிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, அந்தச் சொல்லைத் தேர்ந்ததற்காக அவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ராஷி என்று அழைக்கப்படும் உரையாசிரியர் (1040–1105) இந்தத் தாசனை இஸ்ரவேல் மக்களாகவே வாசிக்கிறார். அவர் வாசிப்பில் ‘நாம்’ என்று பேசுகிறவர்கள் பிற நாட்டார். முந்தைய அதிகாரத்தின் இறுதியில் வாயை மூடிக்கொண்டு வியந்து நிற்கும் அரசர்கள்தாம், இவர்களை நாம் இகழ்ந்தோமே, இவர்கள் பட்ட துன்பம் நம்மால் வந்ததல்லவா என்று இப்போது பேசத் தொடங்குகிறார்கள். பேசுகிறவர் யார் என்ற ஒரே கேள்விக்கு விடை மாறினால் அதிகாரம் முழுவதும் மாறிவிடுகிறது. நாற்பத்தொன்றாம் அதிகாரத்திலும் நாற்பத்துநான்காம் அதிகாரத்திலும் ‘என் தாசனாகிய இஸ்ரவேல்’ என்று தீர்க்கதரிசியே பெயர் சொல்லி அழைப்பதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கும்போது, இந்த வாசிப்பு எங்கிருந்து வேர் கொள்கிறது என்பது தெளிவாகிறது. அதே சமயம், நாற்பத்தொன்பதாம் அதிகாரத்தில் தாசனே இஸ்ரவேல் என்று மூன்றாம் வசனம் சொல்ல, ஆறாம் வசனம் அந்தத் தாசன் யாக்கோபின் கோத்திரங்களை எழுப்புவான் என்கிறது. ஒரு மக்கள் தம்மைத் தாமே எப்படி மீட்பார்கள் என்ற கேள்வி அங்கே எழத்தான் செய்கிறது. கிறிஸ்தவர்கள் தனி ஒருவரைத் தேடுவதற்கு அந்த வசனத்தில் நியாயமான இடம் உண்டு என்பது என் கருத்து.

பக்கப்பலகையின் பெரும் பயன், ‘யூத விளக்கம்’ என்று ஒற்றையாக ஒன்று இல்லை என்பதைக் காட்டுவது. தீர்க்கதரிசன நூல்களின் அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் யோனத்தான் இந்தத் தாசனை ‘என் தாசனாகிய மேசியா’ என்றே அழைக்கிறது. ஆனால் துன்பங்களை அவர் மேலிருந்து அகற்றிப் பிறர் மேல் வைத்துவிடுகிறது. தால்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதி (98ஆ), மேசியாவின் பெயர் என்ன என்ற உரையாடலில், நோயுற்றவராக அவரைச் சித்திரித்து இதே அதிகாரத்தின் நான்காம் வசனத்தைச் சான்றாகக் காட்டுகிறது. அதே தால்மூத்தின் சோத்தா பகுதி (14அ) கடைசி வசனத்தை மோசேக்குப் பொருத்துகிறது. பெராகோத் பகுதி (5அ) பத்தாம் வசனத்தை, கடவுள் அன்பினால் தரும் துன்பத்தை ஏற்றுக்கொள்ளும் எந்த மனிதனுக்கும் பொருத்துகிறது. மேசியா, மோசே, நீதிமான், இஸ்ரவேல் என நான்கு முகங்களும் ஒரே அதிகாரத்துக்கு அருகில் நிற்பதைப் பார்த்தபோது, நான் கேட்டு வளர்ந்த அந்த ஒற்றை வாக்கியப் பதில் எவ்வளவு அநீதியானது என்று வருந்தினேன்.

ஆனால் எல்லாக் காலத்துக் குரல்களும் ஒரே பலகையில் அருகருகே நிற்பதால், வரலாறு கண்ணில் படாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. தாசன் இஸ்ரவேலே என்ற வாசிப்பை ராஷிதான் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கண்டுபிடித்தார் என்று ஒரு வாதம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது தவறு. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், தாம் வாதிட்ட யூதர்கள் இந்த அதிகாரத்தைச் சிதறடிக்கப்பட்ட தம் மக்கள் முழுவதையும் பற்றியதாகச் சொன்னார்கள் என்று, கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய செல்சுஸுக்கு எழுதிய மறுப்பில் பதிவு செய்திருக்கிறார். ராஷிக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முந்தைய, அதுவும் எதிர்த்தரப்பில் நின்ற ஒருவருடைய சாட்சி இது. அது சபைப் பிதாக்களின் நூல் என்பதால் இந்த யூத நூலகத்தின் வட்டத்துக்குள் வராது. வெளியே போய்த்தான் படிக்க வேண்டும். ராஷி இளமையில் கல்வி கற்ற வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதச் சமூகங்கள் 1096-இல், முதல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டங்களால் கொன்றொழிக்கப்பட்டன என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய வரிகளைப் படிக்க வேண்டும். பிற நாட்டார் ஒரு நாள் மனம் வருந்திப் பேசுவார்கள் என்ற வாசிப்பு அவருடைய தலைமுறைக்கு வெறும் இலக்கணமாக இருந்திருக்க முடியாது.

யூதர்கள் இந்த அதிகாரத்தை மறைக்கிறார்கள், ஜெப ஆலயத்தில் வாசிப்பதே இல்லை என்ற குற்றச்சாட்டையும் சரிபார்த்தேன். ஓய்வுநாளில் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், வாசிக்கப்படுவதை அடுத்து வரும் தீர்க்கதரிசன வாசிப்பு ‘ஹஃப்தாரா’ எனப்படும். அந்த ஆண்டு வரிசையில் ஏசாயா 52-இன் பன்னிரண்டாம் வசனத்தோடு ஒரு வாரம் முடிய, பின்னர் 54-ஆம் அதிகாரம் வருகிறது. இடையில் இருப்பது விடுபட்டிருப்பது உண்மை. ஆனால் தீர்க்கதரிசன நூல்களின் மிகச் சிறு பகுதியே அந்த வரிசையில் இடம்பெறுகிறது. இந்த வாரங்களோ ஆலயம் அழிந்த துக்கநாளுக்குப் பின் வரும் ஏழு ஆறுதல் வாரங்களைச் சேர்ந்தவை. ஆறுதல் வரிகளே அவற்றுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இதைச் சதி என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏசாயா 7:14-இல் அகராதி வசதி கைகொடுக்கிறது. தமிழில் ‘கன்னிகை’ என்றிருக்கும் இடத்தில் எபிரேயச் சொல் ‘அல்மா’, அதாவது இளம்பெண். கிரேக்க மொழிபெயர்ப்பு ‘பார்த்தெனோஸ்’ என்றது. மத்தேயு அதை எடுத்தாண்டார். ஆனால் அதே கிரேக்க மொழிபெயர்ப்பு, ஆதியாகமம் 34-இல் கெடுக்கப்பட்ட பின்னும் யாக்கோபின் மகள் தீனாளை அதே சொல்லால் குறிக்கிறது. ஆகவே கிரேக்கச் சொல்லை வைத்தும் வழக்கு அவ்வளவு எளிதில் தீராது. இரண்டு மன்னர்கள் யூதாவின் ஆகாசு அரசனை நெருக்கிக்கொண்டிருந்த வேளையில், குழந்தை நன்மை தீமை அறியும் முன்னே அந்த இருவருடைய நிலமும் பாழாகும் என்கிறது பதினாறாம் வசனம். அந்த அரசனுக்கே உரிய, அண்மைக்கால அடையாளமாகவே யூத உரைகள் இதைக் கொள்கின்றன. ராஷி, அந்தப் பெண் தீர்க்கதரிசியின் மனைவி என்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்தியது ‘இரட்சிப்பு’ என்ற சொல். செங்கடலின் கரையில் மோசே, ‘கர்த்தர் உங்களுக்குச் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள்’ என்கிறான். அங்கே எபிரேயத்தில் இருப்பது ‘யெஷுஆ’. பின்னால் துரத்தி வருவது பாவம் அல்ல, பார்வோனின் படை. தீர்க்கதரிசிகளிலும் இந்தச் சொல் பெரும்பாலும் பகைவரிடமிருந்தும் சிறையிருப்பிலிருந்தும் விடுதலையையே குறிக்கிறது. ஆதாமின் வீழ்ச்சி, எல்லோர் மேலும் வந்த பாவம், அதிலிருந்து ஒருவருடைய மரணத்தால் மீட்பு என்ற வரிசையை ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் விரித்துரைக்கிறார். அதைத் திருச்சபைகள் எல்லாம் ஒரே மாதிரி விளங்கிக்கொண்டதும் இல்லை. கீழைத் திருச்சபைகள் ஆதாமின் குற்றத்தை நாம் சுமக்கிறோம் என்று சொல்வதில்லை, சாவையே சுமக்கிறோம் என்கின்றன. யூதருக்கோ பாவத்திலிருந்து திரும்புவதற்கு ‘தெஷுவா’ என்ற வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. மீட்பர் என்ன செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அதற்கேற்ப வேறாகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதெஸ், மேசியா ஆலயத்தைக் கட்டுவார், சிதறிய இஸ்ரவேலைச் சேர்ப்பார் என்று எழுதி, அதை முடிக்காமல் கொல்லப்பட்டவர் வாக்களிக்கப்பட்டவர் அல்லர் என்கிறார். கிறிஸ்தவர் எதை வெற்றி என்கிறாரோ, அது யூதருக்கு முடிவுறாத பணி.

எரேமியா 31-இல் வரும் புது உடன்படிக்கையிலும் ஒரு மொழிபெயர்ப்பு நுட்பம் இருக்கிறது. ‘என் நியாயப்பிரமாணத்தை அவர்கள் உள்ளத்திலே வைத்து’ என்கிறது தமிழ் வேதாகமம். எபிரேயத்தில் அது ‘தோரா’, போதனை என்ற பொருளுடையது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் இந்தப் பகுதியை முழுமையாக மேற்கோள் காட்டி, புதியது என்றதால் முந்தையது பழமையாயிற்று என்ற முடிவுக்கு வருகிறது. யூத வாசிப்பில் மாறுவது தோரா அல்ல, அதை மறக்கிற இருதயம்தான். நியாயப்பிரமாணம் என்ற சொல்லிலேயே நீதிமன்றத்தின் வாடை இருப்பதால், தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது.

இனி, சேவையின் எல்லைகள். புதிய ஏற்பாடு இந்த நூலகத்தில் இல்லை. ஆகவே ஒப்பீடு செய்ய விரும்புகிறவர் வேதாகமத்தை அருகில் விரித்துக்கொள்ள வேண்டும். வசன எண்களும் சில இடங்களில் மாறும். நமக்கு ஏசாயா 9:6 ஆக இருப்பது அங்கே 9:5. நம் மல்கியாவின் நான்காம் அதிகாரம் அங்கே மூன்றாவதற்குள் அடங்கிவிடுகிறது. சங்கீதங்களில் தலைப்பும் வசனமாக எண்ணப்படுவதால் பல இடங்களில் எண் ஒன்று கூடுகிறது. தளத்தின் முகப்பு எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. உரைகளில் பல இன்னும் எபிரேயத்தில் மட்டுமே உள்ளன. பயனர்கள் தாங்களே தொகுத்து வெளியிடும் பாடத் தாள்களின் தரம் ஒரே சீராக இருக்காது. அவற்றை விட்டு மூல உரைகளுக்கே நேராகப் போவது நல்லது. எபிரேய எழுத்துகளையாவது கற்றுக்கொண்டு நுழைகிறவருக்கு இதன் பயன் பல மடங்கு கூடும்.

இரு தரப்பில் எந்தத் தரப்பாருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். புதிதாக வருகிறவர் ஏசாயா 53-இல் தொடங்க வேண்டாம். அங்கே நம் நினைவிலிருக்கும் பிரசங்கங்களின் குரலே உரக்கக் கேட்கும். எசேக்கியேல் 18-ஐ முதலில் திறக்கலாம். ‘பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்’ என்ற வசனத்தைக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் அந்த வரியோடு நிறுத்திவிடுகிறோம். துன்மார்க்கன் தன் வழியைவிட்டுத் திரும்பினால் பிழைப்பான், அவன் செய்த பாவங்கள் நினைக்கப்படுவதில்லை என்று அதே அதிகாரம் தொடர்ந்து சொல்வதை, எபிரேயத்தில் ‘திரும்பு’ என்ற வினை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொண்டே வாசித்துவிட்டு, அதன் பின் ஏசாயாவுக்குப் போகலாம்.