“எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்” என்று விற்கப்படும் பொதிச்சேணத்தை வாங்காதீர்கள்

மூன்றாம் நாள் காலையில் விரிப்பைப் போடுவதற்காகச் செம்பியின் முதுகில் கை வைத்தேன். தொட்ட இடத்திலிருந்து நழுவுவதுபோல் முதுகைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்கியது. ஒன்பது ஆண்டுகளாக என்னோடு இருக்கும் குதிரை. ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. தோள்பட்டைக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வீக்கம். இடது பக்கத்தில் தோல் வழன்று நீர் கசிந்துகொண்டிருந்தது. வீடு இரண்டு நாள் நடைத் தொலைவில் இருந்தது.

நானும் தங்கையும் ஒன்பது நாள் காட்டுப் பயணத்துக்குத் திட்டமிட்டிருந்தோம். நாங்கள் ஏறிச்செல்ல இரண்டு குதிரைகள், சாமான் சுமக்கச் செம்பி. சவாரிச் சேணங்கள் எங்களிடம் இருந்தன, சாமான் ஏற்றும் பொதிச்சேணம் இல்லை. குதிரைப் பயணச் சாமான்களை மட்டுமே விற்கும் ஒருவரிடம் முழுத் தொகுப்பாக வாங்கினோம். பொதிச்சேணம், விரிப்பு, வார்கள், இரண்டு பக்கப்பெட்டிகள், இரவில் குதிரைகளைக் கட்டக் கயிறும் கொக்கிகளும், கூடாரம், ஸ்லீப்பிங் பேக் என எல்லாம் ஒரே பார்சலில் வந்தன. விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் சொன்ன சொற்களை எழுதுகிறேன். அவற்றை வேறு எவர் சொன்னாலும் உஷாராகிவிடுங்கள்.

முதல் சொல், “எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்.” பொதிச்சேணத்தின் உயிர் அதன் அடியில் முதுகெலும்பின் இரு பக்கமும் படியும் இரண்டு பலகைகளில் இருக்கிறது. மேலே மரக் குறுக்குச் சட்டம் இருந்தாலும் இரும்பு வளைவு இருந்தாலும், முழுப் பாரத்தையும் முதுகில் பரப்புவது அந்தப் பலகைகள்தாம். ஒரு குதிரைக்கு முதுகு தட்டையாக இருக்கும். ஒன்றுக்குக் கூரையைப்போல் சரிந்திருக்கும். செம்பிக்கு நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். எங்களுக்கு வந்த பலகைகள் ஏறக்குறைய நேராக இருந்தன. குழிந்த முதுகில் நேரான பலகையை வைத்தால் நடுவில் இடைவெளி விழும். பாரம் முழுவதும் நான்கு முனைகளில் இறங்கும். வாங்கும்போது குதிரையின் உயரம் என்ன, எடை என்ன, முதுகு எப்படி இருக்கும் என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விற்பவருக்குத் தெரியாதா என்று நம்பினேன்.

முதல் நாள் மாலையிலேயே அறிகுறி இருந்தது. சேணத்தை இறக்கியபோது முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, தோளுக்குப் பின்னால் இரண்டு இடங்கள் மட்டும் உலர்ந்து கிடந்தன. அங்கே ரோமமும் கலைந்து முறுக்கியிருந்தது. வியர்வைக்கு நடுவே உலர்ந்த திட்டு என்றால் இரண்டில் ஒன்று: அங்கே சேணம் படவே இல்லை, அல்லது ரத்த ஓட்டமும் வியர்வைச் சுரப்பியும் நின்றுபோகும் அளவுக்கு அழுத்தியிருக்கிறது. பலகையின் முனைக்கு நேர் கீழே அந்தத் திட்டைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்திருந்தும், புதுச் சேணம், இரண்டொரு நாளில் படிந்துவிடும் என்று மறுநாளும் ஏற்றினேன். அந்த ஒரு நாளுக்காகச் செம்பியிடம் நான் பட்டிருக்கும் கடன் பெரிது. வீக்கம் சேணத்தை இறக்கிய உடனே தெரியாது; அழுத்தம் விலகி ரத்தம் திரும்பிய பிறகுதான் மெல்ல எழும்பும். ஆகவே இறக்கியதும் ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொருமுறை விரல்களால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, எடை. விளம்பரத்தில் “முழுத் தொகுப்பும் 22 கிலோ, 70 கிலோ சுமக்கும்” என்று போட்டிருந்தது. திரும்பி வந்த பிறகு தொங்குதராசில் நிறுத்தேன். சேணமும் வார்களும் விரிப்பும் 16 கிலோ, காலிப் பெட்டிகள் இரண்டும் 13 கிலோ, ஆக 29. செம்பியின் எடை ஏறக்குறைய 450 கிலோ. உயிரற்ற பாரத்துக்குக் குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதம் என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் வரம்பு. சேணமும் அதற்குள் அடக்கம். மேடு பள்ளம் நிறைந்த பாதைக்கு நான் 15 சதவீதத்தைத்தான் எடுப்பேன். அதாவது 67 கிலோ. சேணத்துக்கும் பெட்டிக்கும் 29 போனால் மீதி 38 கிலோதான். 70 கிலோ என்பது பெட்டி கிழியாமல் தாங்கும் அளவு. அதைக் குதிரை தாங்கும் அளவைப்போல் எழுதியிருந்தார்கள். தொங்குதராசு வீட்டில் இருந்தும் 22 என்ற எண்ணை நம்பியே பெட்டிகளை நிரப்பினோம். ஏறும் மனிதன் மேட்டில் முன்னே சாய்வான், பள்ளத்தில் பின்னே சாய்வான். பெட்டி சாயாது, போகும் வழியெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுத்தும். இரு பக்கப் பெட்டிகளுக்கும் இடையே அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேணம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு உராயும். அதனால் தராசு இப்போது எங்கள் மூட்டையிலேயே போகிறது.

மூன்றாவதுதான் அப்பட்டமான பொய். “கொக்கிகள் அனைத்தும் திடப் பித்தளை, காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது.” வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, திருப்தியடைந்தேன். துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் இரவு, மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நின்றிருந்த தங்கையின் குதிரை எதற்கோ மிரண்டு தலையைப் பின்னால் இழுத்தது. கொக்கி இரண்டாக உடைந்தது. உடைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் குருணை குருணையாக உலோகம். மேலே மட்டும் மெல்லிய மஞ்சள் பூச்சு. மற்ற இரண்டும் கட்டிலேயே நின்றதால் அது வெகுதூரம் போகவில்லை. விடியற்காலையில் பக்கத்துப் புல்வெளியில் கிடைத்தது. தனிக் குதிரையோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பித்தளை உள்ளேயும் மஞ்சளாக இருக்கும். பூச்சு வேலை வெளுத்த சாம்பலாகப் பல்லிளிக்கும்.

அதே தொகுப்பில் வந்த கயிறு மெல்லிய நைலான். நைலான் இயல்பாகவே இழுபடும், ஈரத்தில் இன்னும் தளரும். மாலையில் குதிரையின் தலைக்கு மேலே கட்டிய கயிறு நள்ளிரவில் மார்பளவுக்குத் தொங்கியது. கால் சிக்க அதுவே போதும். பாலியஸ்டர் கயிறு அவ்வளவு இழுபடாது. மரத்தைச் சுற்ற அகலப் பட்டையும் அவர்கள் தரவில்லை. வெறும் கயிறு மரப்பட்டையை எப்படி அறுத்திருந்தது என்பதைக் காலையில் பார்த்து வெட்கப்பட்டேன்.

கூடாரத்தின் தையல்களில் நீர்த்தடுப்பு நாடா இல்லை, ஒழுகியது. ஸ்லீப்பிங் பேக்கில் பெரிய எழுத்தில் இருந்த மைனஸ் 12 டிகிரி, உள்பக்கச் சீட்டைப் பார்த்தால், ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற கடைசி எல்லை. ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான ஐ.எஸ்.ஓ 23537 தரத்தில் அந்த எல்லையில் உடல் விறைத்துப்போகும் ஆபத்தும் உண்டு; எப்படியோ உயிர் தங்கும், அவ்வளவுதான். நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் சீட்டில் உள்ள ‘கம்ஃபர்ட்’ எண்ணைப் பாருங்கள். எங்களுடையதில் அது மைனஸ் பக்கமே வரவில்லை.

செம்பியின் பாரத்தை இறக்கி, அவசியமானதை மட்டும் மற்ற இரண்டு குதிரைகளின் சவாரிச் சேணங்களில் கட்டிக்கொண்டு, நாங்கள் இருவரும் நடந்தே திரும்பினோம். பெட்டிகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பிறகு போய் எடுத்து வந்தோம். உப்பு நீரால் புண்ணைக் கழுவுவதைத் தவிர வழியில் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

திரும்பியதும் வீக்கத்தின் படம், உடைந்த கொக்கியின் படம், தராசின் படம் எல்லாவற்றையும் விற்பனையாளருக்கு அனுப்பினேன். முதல் பதில்: “இன்னும் தடிமனான விரிப்பு வாங்கிப் போடுங்கள்.” அதையும் அவரே விற்கிறார். வளைவு பொருந்தாத பலகைக்கு அடியில் எத்தனை விரிப்பு போட்டாலும் முனைகள் முனைகளாகவே அழுத்தும். சேணம் உயர்ந்து ஆட்டம் கூடும், அதை நிறுத்த வாரை இன்னும் இறுக்க வேண்டிவரும். இரண்டாவது பதில்: “வியர்வைக் கறை இருப்பதால் இது பயன்படுத்திய பொருள், திரும்ப எடுக்க இயலாது.” குதிரைமேல் வைக்காமல் சேணம் பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வாங்குவதற்கு முன், வளைத்தால் அப்படியே நிற்கும் கம்பியைக் குதிரையின் முதுகில் குறுக்காக மூன்று இடங்களிலும், முதுகெலும்பின் பக்கவாட்டில் நீளமாக ஒருமுறையும் படியவைத்து, அந்த வளைவுகளை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றின் படங்களை விற்பவருக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அவற்றைப் பார்த்ததும் பத்துக் கேள்வி கேட்பார். பொருந்தாவிட்டால் திரும்ப எடுப்பேன் என்று எழுத்தில் வாங்குங்கள். சேணம் வந்ததும் விரிப்பில்லாமல், சுத்தமான வெள்ளைத் துணியை முதுகில் போட்டு, பலகைகளின் அடியில் நிறச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு வையுங்கள். கையால் சற்று அழுத்தி எடுத்தால், எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது துணியில் தெளிவாகத் தெரியும். சேணத்தில் ஒரு சொட்டு வியர்வையும் படாது. எங்கள் சேணத்தை நான் பிறகு இப்படி வைத்துப் பார்த்தேன். துணியில் நான்கு திட்டுகள் மட்டும் விழுந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை.

செம்பியின் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. செம்பட்டை முதுகில் அந்த இரண்டு இடங்களிலும் ரோமம் வெள்ளையாக முளைத்திருக்கிறது. இனி அது நிறம் மாறாது. கையில் விரிப்போடு போனால் இன்னும் காதுகளைப் பின்னால் மடக்குகிறது. அதனால் விரிப்பைத் தரையில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு பக்கத்தில் போய் நின்று, காதுகள் முன்னால் திரும்பும்வரை அந்த வெள்ளைத் திட்டுகளைத் தடவிக்கொடுக்கிறேன்.