கழற்றி மாட்டும் உடல் பொம்மை: இரண்டு மாத அனுபவம்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்காக, மதுரையில் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடையொன்றில் 1,150 ரூபாய்க்கு இதை வாங்கினேன். ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். தலை, மார்பு, வயிறு. கழற்றி மாட்ட 15 துண்டுகள்.

முதல் நாளே எல்லாவற்றையும் உருவிப் பாயில் பரப்பிவிட்டாள். திரும்ப அடுக்கும்போதுதான் பாடம் தொடங்கியது. இடது நுரையீரலை வலப்பக்கம் திணித்துப் பார்த்தாள், உட்காரவில்லை. “ஆச்சி, இது மட்டும் ஏன் சின்னது? ஓரத்தில் யாரோ கடித்த மாதிரி இருக்கிறதே” என்றாள். பதில் சொல்லாமல் இதயத்தை அவள் கையில் கொடுத்தேன். அந்தப் பள்ளத்தில் வைத்தாள், கச்சிதமாகப் பொருந்தியது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இதயத்துக்கு இடம் விட்ட இடதுக்கு இரண்டுதான் என்று அப்புறம் சொன்னேன். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் நுரையீரல் வரைந்தவள் நான். ஒரு பிள்ளைகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

கல்லீரலும் அருமை. வலப்பக்க விலாவுக்குக் கீழே பரந்து கிடக்கிறது. அதன் அடியில் பச்சையாகப் பித்தப்பை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரை அந்தப் பை சேர்த்துவைத்து, எண்ணெய்ப் பண்டம் செரிக்க அனுப்புகிறது. வடை சாப்பிடும் நாளெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கிறாள்.

சிறுகுடலைத்தான் கெடுத்துவிட்டார்கள். பெருங்குடலோடு சேர்த்து ஒரே கட்டியாக வார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 6 மீட்டர் என்று சொன்னால் குழந்தை எப்படி நம்பும்? ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றை வாசலிலிருந்து அடுக்களை வரை விரித்து, “இதைவிடக் கொஞ்சம் நீளம்” என்றேன். பிறகு கொசுவம் மடிப்பதுபோல மடித்து என் வயிற்றின்மேல் வைத்துக் காட்டினேன். செரித்த உணவின் சத்து இரத்தத்தில் சேர அவ்வளவு நீளம் வேண்டியிருக்கிறது.

சிறுநீரகங்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மேலே கல்லீரல் இருப்பதால் வலது சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். நுரையீரலில் அவ்வளவு கவனம் காட்டியவர்கள் இதை விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. பெயர்களும் ஆங்கிலத்தில் மட்டுமே. மண்ணீரல், கணையம் என்று நானே எழுதி ஒட்டினேன்.

வாங்கலாம், ஏழு வயதுக்கு மேல் சரியாக இருக்கும். சிறுநீரகம் மொச்சைக்கொட்டை அளவுதான் என்பதால், கைக்குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். இதயத்தைத் தாங்கும் முளை இப்போதே தேய்ந்துவிட்டது. அதைத்தான் அடிக்கடி கழற்றுகிறாள். நூல் சுற்றி இறுக்கி வைத்திருக்கிறேன்.