ஹெல்மெட்டா, தனிப் பாதையா?

சைக்கிள் ஓட்டும் குழந்தைக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க வேண்டுமா? ஸ்வீடனும் நெதர்லாந்தும் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன.

ஸ்வீடனில் 2005 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். ஆனால் தனியாக ஓட்டும் பிள்ளை போடாவிட்டால் அபராதம் கிடையாது. பிள்ளையை உட்கார வைத்து ஓட்டும் பெரியவருக்குத்தான். பாதி சட்டம், பாதி அறிவுரை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நெதர்லாந்தில் சாதாரண சைக்கிளுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. அங்கே கதை வேறு. 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற முழக்கத்தோடு பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்புறம்தான் சைக்கிளுக்கான தனிப் பாதைகளும் கார்கள் ஊர்ந்து போகும் குடியிருப்புத் தெருக்களும் பெருகின. 14 வயதுக்குட்பட்ட குழந்தை மீது கார் மோதினால், பிள்ளை கவனமில்லாமல் வந்திருந்தாலும் இழப்பீடு பொதுவாகக் கார்க்காரர் தலையில்தான். தொடக்கப் பள்ளியிலேயே சாலைத் தேர்வும் உண்டு.

தடுமாறி விழும் பிள்ளையின் தலையை ஹெல்மெட் காக்கும். வேகமாக வரும் காரை நிறுத்தாது. எனக்கு டச்சு வழிதான் பிடித்திருக்கிறது. ஆனால் பாதை போட வருடக்கணக்காகும், ஹெல்மெட்டைச் சாயங்காலமே வாங்கிவிடலாம். சரி, அதுவரை என் பிள்ளையை வெறுந்தலையோடு அனுப்ப மாட்டேன்.