கீமோ முடிந்து மலை ஏறும்போது எந்த வாந்தி மாத்திரை?

ஊட்டி, குன்னூர் பக்கமிருந்து கீமோவுக்குக் கோவை போய்வருபவர்களை வாந்தி இரண்டு பக்கமும் பிடிக்கும். ஒன்று மருந்தால் வருவது, இன்னொன்று மலையடிவாரக் கல்லாறு தாண்டியதும் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகளால். ஒரே மாத்திரை இரண்டுக்கும் கேட்கும் என்று நினைப்பதில்தான் சிக்கல். கீமோவுக்கு நன்றாக வேலை செய்யும் ஒண்டன்செட்ரான் பயண வாந்தியைப் பெரிதாகத் தடுக்காது. பஸ் ஏறும் முன் போடும் அவோமின், கீமோ வாந்திக்கு ஒண்டன்செட்ரானின் இடத்தைப் பிடிக்காது.

முதல் நாள் போட்டி ஒண்டன்செட்ரானுக்கும் பாலோனோசெட்ரானுக்கும். இரண்டும் ஒரே குடும்பம். ஒண்டன்செட்ரான் மலிவு, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும், வாயில் கரையும் மாத்திரையாகவும் வருகிறது. ஆனால் சில மணி நேரம்தான் தாங்கும். பாலோனோசெட்ரான் 0.25 மில்லிகிராம் ஊசி ஒன்று போட்டால் ஓரிரு நாள் உடம்பில் நிற்கும். அன்றே மலை ஏறி வீடு திரும்புகிறவருக்கு இதுவே வசதி என்பேன். அதைப் போட்டவர் மறுநாள் வீட்டிலிருக்கும் ஒண்டன்செட்ரானையும் தானாகச் சேர்த்துக்கொள்வதில் லாபம் குறைவு. மலச்சிக்கலும் தலைவலியும்தான் கூடும். இதயத் துடிப்பு விஷயத்தில் ஒண்டன்செட்ரானிடம் எச்சரிக்கை வேண்டும்: ஒரே தவணையில் 32 மில்லிகிராம் ஊசியாகப் போடுவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் கைவிடச் சொன்னது. இப்போது ஒரு தவணை ஊசிக்கு உச்சம் 16. இதய நோய் உள்ளவர்களும், வாந்தியால் பொட்டாசியம் குறைந்தவர்களும் ஈசிஜி பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அசல் கஷ்டம் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை. டாக்டர் கீழே, நோயாளி மேலே. அப்போது பலருடைய கை போவது மெட்டோக்ளோப்ரமைடுக்கு, கடைக்காரர் சொல்வதுபோல் பெரினார்முக்கு. பழக்கப்பட்ட மாத்திரைதான். ஆனால் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும், ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு வரும். இளம் வயதினருக்கு இந்த ஆபத்து அதிகம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், அதிகபட்சம் ஐந்து நாள் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013இல் வரம்பு கட்டியது.

இதற்கு எதிரில் ஓலான்சபின். இது மனநோய்க்குத் தரும் மருந்து என்று உள்ளே இருக்கும் தாளைப் படித்துவிட்டுப் பயந்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. இங்கே நோக்கம் வேறு, பயப்பட வேண்டாம். குமட்டலை அடக்குவதில் என் ஓட்டு இதற்கே. தூக்கம் வரவழைக்கும் என்பதால் இரவில் போடுவது வழக்கம். 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 கொடுத்தாலும் பலன் குறையவில்லை, பகல் தூக்கம் குறைந்தது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2024இல் காட்டியது. அளவைக் குறைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். எழும்போது தலைசுற்றும் என்பது இதன் குறை. கழிப்பறை வெளியே இருக்கும் எஸ்டேட் லயன் வீடுகளில், ராத்திரி குளிரில் வயதானவரைத் தனியாக அனுப்பக் கூடாது. பெரினார்மையும் ஓலான்சபினையும் சேர்த்துப் போடவே வேண்டாம்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கூடவே வரும் துணை மருந்து. சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடுவதே சரி. கடுமையாக வாந்தி வரவழைக்கும் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளுக்கு அப்ரெபிடன்ட் என்ற இன்னொரு வாந்தி மருந்தும் சேரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரும் கருத்தடை மாத்திரை எடுப்பவரும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இரண்டின் வேலையையும் அப்ரெபிடன்ட் குறைக்கும்.

சரி, வளைவுகளுக்கு என்ன செய்வது? அவோமினும் தூக்கம் வரவழைக்கும் மருந்துதான். ஓலான்சபினோடோ வலிக்குத் தரும் மார்பினோடோ சேர்ந்தால் மயக்கம் அளவு மீறும். டாக்டர் சம்மதித்தால் மட்டும், கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. இல்லையென்றால் முன் சீட்டு, திறந்த ஜன்னல், பாதி வயிறு.

ஜன்னல் என்றதும் ஒன்று: ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்குக் குளிர் ஆகாது, விரலும் தொண்டையும் குத்தும். ‘குமட்டினால் ஐஸ் சப்பு, ஆறின சாப்பாடு சாப்பிடு’ என்ற பொதுவான அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது. வெதுவெதுப்பான கஞ்சியும் கழுத்துத் துண்டும் போதும்.

மாத்திரை போட்டும் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, வயிறு உப்பி மலமும் காற்றும் பிரியவில்லை, அல்லது காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டது என்றால் இன்னொரு மாத்திரையைத் தேடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபடும் ஊர் இது. கோத்தகிரி வழியும் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனையில் டிரிப் ஏற்றிக்கொண்டு கிளம்பலாமா என்று அதே போனிலேயே கேட்டுவிடுங்கள்.