இ-பாஸ்: ஊட்டிக்காரன் பார்வையில்

வெளியூர் வண்டிகள் ஊட்டிக்கு வர வேண்டிய இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுப்பது சுலபம்தான். பெயர், வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கல், எந்தத் தேதி என்று இணையத்தில் கொடுத்தால் கியூஆர் கோடு போனுக்கே வந்துவிடும், காசு கிடையாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடக்கிறது. சேவைக்கு 4 நட்சத்திரம்.

அதைச் சுற்றி அரசு நடந்துகொண்ட விதத்துக்கு 2தான். 2025 கோடைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. அதை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் கடையடைப்பு. ஊட்டிக் கடைவீதியான கமர்சியல் ரோட்டில் ஷட்டர் இறங்கினால் வர்க்கி விற்பவரிலிருந்து டாக்ஸி ஓட்டுபவர் வரை அன்றைய வருமானம் போச்சு, சும்மா யாரும் மூடுவதில்லை. அரசு மறுஆய்வு மனு போட்டது, சரி. ஆனால் மனுவோடு ஒரு அமைச்சரின் வேலை முடிந்துவிடாது. மே மாதம் சேரிங் கிராஸ் சந்திப்பில் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் தவிப்பதையும் பார்க்கிறோம், அதனால் வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்திலேயே வண்டியை நிறுத்த இடமும், அங்கிருந்து அடிக்கடி பஸ்ஸும் வேண்டும். அதற்குத் தேதி சொல்லுங்கள் அமைச்சரே, வியாபாரிகளை எதிரே உட்கார வைத்துச் சொல்லுங்கள்.