வீட்டில் மாட்டும் விங் செட் வாங்கியவர்கள் பூட் மூடியைத் திறந்து பாருங்கள்

மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறேன். 2013 மாடல் டொயோட்டா 86, செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வருடத்தில் இரண்டு மூன்று தடவை செப்பாங் ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன். போன மாதம் அங்கே முதல் வளைவில் கார் என் கையை மீறிப் போனது. காரணம், நானே வாங்கி வீட்டில் மாட்டிய விங் செட். எனக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் அதே செட்டை வாங்கி மாட்டியவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

செட்டில் வந்தவை: காற்றின் விசையால் காரின் பின்பக்கத்தைத் தரையோடு அமுக்க பூட் (பின் டிக்கி) மூடிமேல் மாட்டும் ஒன்றரை மீட்டர் நீள விங், அதேபோல முன்பக்கத்தை அமுக்க முன் பம்பருக்கு அடியில் மாட்டும் தட்டையான ஸ்பிலிட்டர், நட்டு போல்ட், எங்கே துளை போடவேண்டும் என்று காட்டும் காகித அச்சு. "அசல் கார்பன் ஃபைபர் தம்பி. டிரில் இருந்தா வீட்டுலயே மாட்டிரலாம். 100 கிலோமீட்டர் வேகத்துலயே 150 கிலோ அமுக்கும்" என்றார் விற்றவர். காற்றுச் சுரங்கத்தில் சோதித்தது என்று, எந்த வேகத்தில் எவ்வளவு அமுக்கும் எனக் காட்டும் ஒரு வரைபடமும் அனுப்பினார். 6,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். நானும் என் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டு வாசலில் வைத்து மாட்டினோம்.

டிராக்கில் மூன்றாவது சுற்று. மெயின் ஸ்ட்ரெய்ட் முடிவில் 180ஐத் தாண்டிய வேகத்தில் பிரேக் மிதித்தேன். முன்பக்கம் தாழ்ந்ததும் அடியில் தகரத்தைத் தரையில் இழுப்பது போலச் சத்தம். ஸ்பிலிட்டர் நடுவில் முறிந்து, இடது சக்கரத்துக்கு அடியில் மடிந்துவிட்டது. ஸ்டீரிங்கைத் திருப்புகிறேன், கார் நேராகவே போகிறது. சரளைக்குள் இறங்கித்தான் நின்றது.

உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முறிந்த இடத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக நார் பிதுங்கியிருந்தது. அது சாதாரண ஃபைபர்கிளாஸ். மேலே தெரிந்த கறுப்புக் கட்டம் வெறும் பிரிண்ட் படலம், நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. அதைத் தாங்கியவை ஆறே ஸ்க்ரூ. ஆறும் பம்பர் பிளாஸ்டிக்கில் போட்டவை. பம்பருக்குப் பின்னால் இருக்கும் உலோகச் சட்டத்தில் பிடிக்க ஒரு பிராக்கெட்கூடச் செட்டில் இல்லை.

பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அப்போதுதான் உடம்பு நடுங்கியது. விங் கால் நிற்கும் இடத்தில் பூட் தகடு குழிந்திருந்தது. போல்ட்டைச் சுற்றி பெயிண்டில் மயிரிழை விரிசல்கள். மூடியைத் திறந்தால், உள்ளே 20 சென் நாணயம் அளவுக்கு ஒரு வாஷர், அவ்வளவுதான். பாரத்தைப் பரப்ப ஒரு தகடு கிடையாது.

வாங்குவதற்கு முன்னால் நான் போட்டிருக்கவேண்டிய கணக்கு இது. விங்கின் அகலம் 25 சென்டிமீட்டர். நீளத்தோடு பெருக்கினால் அரைச் சதுர மீட்டர்கூட வராது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது கொடுக்கக்கூடியது ஏறக்குறைய 18 கிலோ. நன்றாகச் சாய்த்து வைத்தாலும் 35, 40 கிலோவோடு சரி. 150 கிலோ என்பது பச்சைப் பொய். வேகம் இரண்டு மடங்கானால் டவுன்ஃபோர்ஸ், அதாவது கீழே அமுக்கும் விசை, நான்கு மடங்காகும், அதனால் உண்மையான வரைபடத்தில் கோடு வளைந்து மேலே ஏறும். அவர் அனுப்பியதில் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல நேராக இருந்தது. அதைப் பார்த்த அன்றே எனக்குப் பொறி தட்டியிருக்கவேண்டும்.

அதற்காக 180இல் வரும் 60 கிலோவைச் சின்னப் பாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆள் பூட் மூடிமேல் ஏறி நின்று, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் குதிப்பதற்குச் சமம். விங் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால், அது பின்னால் அமுக்க அமுக்க முன்பக்கம் தூக்கும். என் காரின் அளவுக்கு முன்சக்கரங்கள் மேலிருந்து 17, 18 கிலோ குறையும். அதை ஈடுகட்டத்தான் முன்னால் ஸ்பிலிட்டர். அது முறிந்த நேரத்தில் முன்பக்கமும் லேசாகி, சக்கரத்தடியிலும் துண்டு சிக்கினால் கார் எப்படித் திரும்பும்?

முதலில் முறிந்தது விங்காக இருந்தால்? 1969 மே மாதம் பார்சிலோனாவின் மொன்ஜூயிக் சாலையில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 பந்தயத்தில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவருடைய லோட்டஸ் கார்களிலும் உயரமான பின் விங் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தது. ஹில்லின் உடைந்த கார்மேல் ரிண்ட் போய் மோதினார். இரண்டே வாரத்தில், மொனாக்கோவில், அந்த உயர விங்குகளைத் தடை செய்தார்கள். உலகத்தின் கைதேர்ந்த பொறியாளர்கள் செய்த விங்குக்கே அந்தக் கதி.

விற்றவருக்குப் போன் போட்டேன். "அது ரோட்டுக்குத்தான் தம்பி, டிராக்குக்கு யாரு போட்டுப் போகச் சொன்னா?" என்றார். அவர் விளம்பரத்தில் டிராக்கில் சோதித்தது என்று பெரிய எழுத்தில் இருந்தது. நான் அதைப் படமெடுத்து வைத்திருந்தேன். அதை அனுப்பியதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரப் படம், உடைந்த துண்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உங்களிடம் இருப்பதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றைக்கே பூட் மூடியைத் திறந்து, விங் போல்ட்டுக்கு உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன வாஷர் மட்டும் இருந்தாலோ, வெளியே பெயிண்ட் விரிந்திருந்தாலோ விங்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிலிட்டர்மேல் ஒரு காலை வைத்து மெதுவாக உடம்புப் பாரத்தை இறக்கிப் பாருங்கள். பம்பரும் சேர்ந்து இறங்கினால் அதையும் கழற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு டிராக்கில் ஓட்டாதீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டால் கார் கம்பெனி கொடுத்த நிலைக்குத் திரும்பிவிடும். பூட்டில் போட்ட துளைகளுக்கு ரப்பர் அடைப்பான் வைத்தால் மழைத் தண்ணீர் இறங்காது. நான் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன்.